ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வெள்ளாடு: கால்நடைப் பாடம் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

"நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு." இதை ஒரு தடவையாவது சொல்லாத ஆசிரியர் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்நடை வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் வேலை இந்தப் பேச்சை விடுவது. உங்கள் வாயிலிருந்து மட்டும் போனால் போதாது, பள்ளிக்கூடத்திலிருந்தே போக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் நாள் வகுப்பில் "யார் வீட்டுல ஆடு இருக்கு?" என்று கேட்டேன். நாற்பது பேரில் நாலு கைதான் மேலே வந்தது. கரிசல் காட்டு ஊர், தெருவுக்குத் தெரு ஆடு கத்துகிறது, நாலு பேர்! மறுநாள் கேள்வியை மாற்றினேன். "இன்று காலை எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை செய்த வேலைகளை எழுதுங்கள்." இருபத்து மூன்று தாளில் ஆடு இருந்தது. குழை (இலைதழை) ஒடித்தது, தண்ணீர் காட்டியது, குட்டியைப் பாலுக்கு விட்டது, தொழு கூட்டியது. அதில் பெரும்பாலான தாள்கள் பெண்பிள்ளைகளுடையவை. ஆகவே நீங்கள் ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. கைக்குத் தெரிந்ததைக் கண்ணுக்கும் நோட்டுக்கும் கொண்டுவரப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

நான் எட்டு சனிக்கிழமைக் காலைகளில் இதை நடத்துகிறேன். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்து மானாவாரி ஊர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மாடு அதிகமுள்ள ஊரென்றால் மாட்டை வைத்தும் செய்யலாம். ஆனாலும் ஆரம்பத்துக்கு வெள்ளாடுதான் நல்லது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை தனியாகப் பிடித்து நிறுத்த முடிகிற உருப்படி. உதைத்தாலும் எலும்பு முறியாது. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால், ஒரே கல்வியாண்டுக்குள் சினையிலிருந்து குட்டி பால் மறப்பது வரை பார்த்துவிடலாம்.

பள்ளிக்கு ஆடு வாங்காதீர்கள்

எல்லோரும் முதலில் நினைப்பது, பள்ளி வளாகத்தில் ஒரு கொட்டகை போட்டு நாலு ஆடு வாங்கிக் கட்டலாம் என்பது. வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை யார் தீவனம் போடுவது? காலாண்டு விடுமுறையில்? மே மாதம் முழுக்க? கடைசியில் இரவுக் காவலர் தலையில் விழும், அவர் முணுமுணுத்துக்கொண்டே வைக்கோலைப் போடுவார், ஆடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பிள்ளைகள் வீட்டு ஆடுகளே பாடம். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பத்துப் பன்னிரண்டு உருப்படி வைத்திருக்கிற இரண்டு வீடுகளைப் பிடியுங்கள். வகுப்பை அந்தத் தொழுவிலேயே நடத்துங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால், ஒன்பது மணிக்கு ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் முடித்துவிடலாம். அனுபவமுள்ளவர்கள் பனி காயுமுன் ஆட்டை ஓட்டுவதில்லை. பனி ஈரத்தில் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போய்விடும். பாட்டிமார் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். பழக்கம் சரியானது.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வாத்தியாராகிவிடும்.

கிளம்புமுன்

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு வார்த்தை. அப்புறம் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்கு நேரில் போய், கால்நடை உதவி மருத்துவரைப் பாருங்கள். எட்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வந்தால் போதும் என்று சொல்லுங்கள். தடுப்பூசி முகாம் போடும் நாளோடு உங்கள் வகுப்பைப் பொருத்திக்கொண்டால் அவருக்கும் வேலை மிச்சம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணைப் பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு (மேலே "ஆட்டுக்கு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டுக்குப் போய் யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது), தையல்காரர் டேப், தேங்காய் எண்ணெய், பருத்திக் கயிறு, சோப்பு, ஒரு வாளி. சோப்பு முக்கியம். கையில் ஆறாத புண் உள்ள பிள்ளை அன்றைக்கு நோட்டு எழுதட்டும், ஆட்டைத் தொட வேண்டாம். கருச்சிதைந்து குட்டி வீசிய ஆட்டையும், விழுந்த நஞ்சுக்கொடியையும் யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. புருசெல்லா போன்ற கிருமிகள் ஆட்டிலிருந்து மனிதனுக்கு வருபவை. இதை மட்டும் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

முதல் சனிக்கிழமை: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

முதல் வகுப்பில் யாரும் ஆட்டைத் தொடுவதில்லை. பத்து நிமிடம் சும்மா பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. ஆனால் அடுத்த ஏழு வாரமும் இதன்மேல்தான் நிற்கிறது.

என்ன பார்ப்பது? மந்தையோடு சேர்ந்து நிற்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா. காது எந்தப் பக்கம் திரும்புகிறது. மூக்கு ஈரமாக இருக்கிறதா, சளி வடிகிறதா. படுத்திருக்கும்போது அசை போடுகிறதா. பின்புறம் சுத்தமாக இருக்கிறதா, கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா. புழுக்கை தனித்தனி உருண்டையாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, கூழாக இருக்கிறதா. தொழுவின் தரையில் கிடக்கும் புழுக்கையைப் பார்த்தே நேற்று அந்த மந்தை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

நான் போகும் ஒரு வீட்டுப் பாட்டி, பிள்ளைகள் எழுதி முடித்ததும் ஒரே ஒரு ஆட்டைக் காட்டி, "இத என்னன்னு எழுதியிருக்கீக?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். "மத்ததெல்லாம் குழைக்கு எந்திரிச்சதுல்ல, இது எந்திரிக்கிறதுக்கு முன்னால யோசிச்சது. நாளைக்குப் பாருங்க" என்றார். மறுநாள் அதற்குக் காய்ச்சல். இந்தப் பாட்டியைப் போல ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். தேடிக் கண்டுபிடித்து, வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

இனங்களையும் அன்றைக்கே அறிமுகப்படுத்திவிடலாம். எங்கள் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும்தான். கறுப்பு உடம்பில் முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கொடி ஆடு நெட்டையாக, வெள்ளையில் கறுப்பு தெளித்த கரும்போரை, செம்பழுப்பு தெளித்த செம்போரை என்று இரண்டு வகை. சேலம் பக்கம் என்றால் சேலம் கருப்பு. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கலப்புதான், அதனால் இனத்தின்மேல் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

பிடிப்பதும் கட்டுவதும்

ஆட்டைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. மூலைக்கு மெதுவாக ஒதுக்கி, ஒரு கையைத் தாடைக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்தொடைக்கும் கொடுத்து நிறுத்த வேண்டும். கொம்பைப் பிடித்து இழுப்பது, காதைப் பிடித்துத் தூக்குவது, ஒற்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிடுவது மூன்றும் கூடாது. பெண்பிள்ளைகளை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். விட்டால் பையன்கள் முன்னால் வந்து வித்தை காட்டுவார்கள், வீட்டில் நிஜமாகவே ஆடு பிடிப்பவள் பின்வரிசையில் நின்று நோட்டு எழுதிக்கொண்டிருப்பாள்.

முடிச்சுக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டின் கழுத்தில் இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு போடவே கூடாது. குட்டிச் சுவரில் ஏறி மறுபக்கம் குதித்த ஆடு அதிலேயே தொங்கிச் செத்துப்போகும். கழுத்து வளையம் இறுகாத முடிச்சாக இருக்க வேண்டும், உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். மறுமுனையை மரத்தில் கட்டுவது, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். முதலில் நாற்காலிக் காலில் பழகட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆட்டிடம் தப்பித்துவிடலாம், நாளைக்கு மாட்டிடம் விரல் போய்விடும்.

பல், சூடு, அசை

வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டுக்கு மேல்தாடையில் எத்தனை முன்பல்? ஆட்டோடு வளர்ந்த பிள்ளைகளே எட்டு, ஆறு, நாலு என்று ஏலம் விடுவார்கள். பிறகு உதட்டை விலக்கிப் பார்த்தால் மேலே ஒன்றுமே இருக்காது, வெறும் தடித்த ஈறு. முன்பல் எட்டும் கீழேதான். அந்த நிமிடம் வகுப்பு முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும்.

கீழ்ப்பல் எட்டும் சிறிய பால்பல்லாக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்டது, அதாவது பல் போடாத குட்டி. நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. ஆறு பல் மூன்றை ஒட்டி. எட்டும் விழுந்து முளைத்திருந்தால் நாலு வயது. அதற்குமேல் தேய்மானத்தையும் இடைவெளியையும் வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

சூடு பார்க்க, தெர்மாமீட்டர் முனையில் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாகச் செருகி, கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதல் முறை 102.6 என்று காட்டியதும் ஒரு பையன், "சார், காய்ச்சல்!" என்று அலறினான். மனிதக் கணக்கு அது. வெள்ளாட்டுக்கு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் நின்றுவிட்டு வந்த ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடும், அதனால் நிழலில் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள்.

இடது பக்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து ஒரு நிமிடம் பொறுமையாக அழுத்திப் பிடித்தால், உள்ளே பெருவயிறு ஒன்றிரண்டு முறை புரண்டு கையைத் தள்ளும். புத்தகத்தில் ரூமன் என்று படம் போட்டிருப்பது இதுதான். கீழிமையை இறக்கி உள்சதையைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். நல்ல சிவப்பு என்றால் சரி. வெளுத்துப் போயிருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டேப்பும் கணக்கும்

முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 28, நீளம் 26 என்றால் 28 × 28 × 26 ÷ 660, ஏறக்குறைய 31 கிலோ. பிறகு தொங்கு தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். இரண்டு கிலோ முன்னே பின்னே வரும். ஏன் வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்: தண்ணீர் குடித்த வயிறு, சினை, நகர்ந்துகொண்டே இருந்த ஆடு, தளர்வாகப் பிடித்த டேப். கணக்கு ஆசிரியரையும் அன்றைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், நன்றாக ரசிப்பார்.

எடை தெரியாமல் குடற்புழு மருந்து கொடுப்பது, கிலோ தெரியாமல் உரம் போடுவது மாதிரி. குறைவாகக் கொடுத்தால் புழு சாகாது, தப்பித்த புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். எடையைச் சொல்வது பிள்ளைகளின் வேலை.

தீவனம்: என் தவறு

இந்தப் பாடத்தை நான் முதல் வருடம் சரியாக நடத்தவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் என்று பலகையில் எழுதி, "தானியம் கொடுத்தால் சீக்கிரம் எடை ஏறும்" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் போய்விட்டேன். எவ்வளவு கொடுக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பள்ளியில் மதியச் சோறு நிறைய மீந்தது. என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு தூக்கு வாளி நிறைய வாங்கிக்கொண்டு போய், ஆசை ஆசையாக வீட்டு ஆட்டுக்கு வைத்திருக்கிறான். ஆடும் ஆசையாகத் தின்றிருக்கிறது. இரவு அசை நின்றது. வயிறு கனத்து, உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம். பல்லை நறநறவென்று கடித்திருக்கிறது. விடியற்காலையில் செத்துப்போனது. நாலு பல் பெட்டை, சினை வேறு.

அவன் அழவில்லை. "நீங்கதான் சார் சொன்னீங்க" என்றான். அவ்வளவுதான்.

அதனால் இப்போது தீவனப் பாடத்தை இங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆட்டின் பெருவயிறு ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. இலை தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. திடீரென்று சோறோ அரிசியோ மாவோ மொத்தமாக விழுந்தால், மாவுச்சத்தைத் தின்னும் வேறு கூட்டம் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். தோசை மாவு ராத்திரியில் பொங்கிப் புளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அது வயிற்றுக்குள் நடக்கிறது. பழைய நுண்ணுயிர்கள் சாகும், உடம்பின் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும், ஆடு சாய்ந்துவிடும். கல்யாண வீடு, கோயில் கொடை, பொங்கல் முடிந்த மறுநாள் ஊரில் ஆடு சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். அசை நின்று வயிறு கனத்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மற்றபடி கணக்கு எளிது. 30 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு மூன்று கிலோ வரை பசுந்தழை. அதில் கொஞ்சம் பயறு வகைத் தழை இருந்தால் நல்லது: அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேலிமசால். அடர்தீவனம் தேவைப்பட்டால் 100 கிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக 200, 250 கிராம் வரை போகலாம். எந்த மாற்றமும் ஒரே நாளில் கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தழையைத் தரையில் போடாமல் ஆள் மார்பு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளாடு குனிந்து மேய்வதைவிட எட்டிக் கடிப்பதையே விரும்பும், மிதித்ததைத் தின்னாது.

மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அதில் சயனைடு நஞ்சு இருக்கும், நிமிடக் கணக்கில் ஆட்டின் உயிரை எடுத்துவிடும். மரவள்ளி இலையிலும் இதே ஆபத்து.

நோயும் ஊசியும்

மருத்துவர் வருகிற சனிக்கிழமைக்கு இதை விட்டுவிடலாம். ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, கோமாரி, ஆட்டம்மை ஆகிய நாலின் பெயரும் முதல் அறிகுறியும் தெரிந்தால் போதும். துள்ளுமாரி ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும், மழை பெய்து புல் தளதளவென்று வந்த பிறகு ஓடக் கூடாது. பிள்ளைகள் ஊசி போடப் பழகக் கூடாது. யாராவது கெஞ்சுவார்கள், மசிந்துவிடாதீர்கள். புதிதாக வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்ட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நீங்களே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஊருக்குள் நோய் பெரும்பாலும் சந்தையிலிருந்து வாங்கி வந்த ஆட்டோடுதான் வருகிறது.

குட்டி விழும் நாள்

இதைச் சனிக்கிழமை பார்த்துத் திட்டமிட முடியாது. யார் வீட்டில் குட்டி போட்டாலும் அந்தப் பிள்ளை பார்த்ததை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, முதலில் வந்தது முன்கால்களும் மூக்குமா, எத்தனை நிமிடத்தில் குட்டி எழுந்தது. மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைப்பது, தொப்புள்கொடிக்கு டிங்சர் அயோடின் வைப்பது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பது, மூன்றும் பிள்ளைகளே பெரியவர் துணையோடு செய்யலாம். சீம்பாலைக் கறந்து வீட்டாருக்குப் பால்கட்டி காய்ச்சிக் கொடுத்துவிட்டுக் குட்டியைப் பட்டினி போடும் வீடுகள் உண்டு. பிள்ளை போய் வீட்டில் சண்டை போட்டால், உங்கள் பாடம் வேலை செய்கிறது என்று அர்த்தம். முக்கி அரைமணி நேரம் ஆகியும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் உள்ளே கையை விடக் கூடாது, மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.

கடைசி சனிக்கிழமை: சந்தை

அதற்கு முந்தின வாரமே ஒரு பேச்சு பேசிவிட வேண்டும். பெயர் வைத்துக் கூப்பிட்ட கிடாய்க்குட்டியை வீட்டில் விற்பார்கள், கோயிலுக்கு வெட்டுவார்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே இல்லை, சிலர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள். இரண்டையும் கேலி செய்ய விடாதீர்கள். நான் அதிகம் பேசுவதில்லை. அந்த ஆட்டின் பக்கத்தை நோட்டில் முழுமையாக எழுதி முடிக்கச் சொல்வேன்.

எங்களுக்கு எட்டயபுரம் சந்தை வசதி, அது சனிக்கிழமைதான் கூடுகிறது. விடியுமுன் போய்விட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் நல்ல உருப்படியெல்லாம் வண்டி ஏறிவிடும். ஐந்து பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் மூன்று ஆட்டைத் தேர்ந்தெடுத்து, உடையவரிடம் கேட்டுக்கொண்டு பல் பார்த்து, கண்ணால் எடை மதித்து, விலையை மடித்த தாளில் எழுதி என்னிடம் கொடுக்க வேண்டும். பிறகு அந்த ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் வியாபாரிகளிடம் கெஞ்சிக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் வரவு செலவு. தீவனம், மருந்து, கயிறு, வண்டி வாடகை என்று எல்லாவற்றையும் எழுதி லாபத்தைக் காட்டுவார்கள். காலையும் மாலையும் குழை ஒடித்த அம்மாவின் கூலியை ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார்கள். நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று வீட்டில் கேட்டு, ஊர்க் கூலிக் கணக்கில் அந்த வரியைச் சேர்த்து, திங்கட்கிழமை மறுபடியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.